மின்னஞ்சல் சர்வரை மீண்டும் நிறுவும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்துவது குறித்துத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அஞ்சலை அனுப்பவும் பெறவும் உதவும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்த அஞ்சலைச் செயலிக்கு வழங்கும் டவ்காட் ஆகிய மென்பொருள்களை நிறுவும் முறை அதில் தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தது. ஆனால், கைப்பேசியோ கணினியோ அந்த சர்வருடன் இணையாவிட்டால் ஃபயர்வாலை (தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் காப்பரணை) அணைத்துப் பார்க்கலாம், அதற்கும் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவலாம் என்று கட்டுரையை முடித்திருப்பதை ஏற்க இயலவில்லை. மீண்டும் நிறுவினால் கோளாறின் தடயம்தான் அழியும்; கோளாறு பல வேளைகளில் அந்த மென்பொருளுக்கு வெளியே இருப்பதால் அது அப்படியே நிற்கும்.

மின்னஞ்சல் செயலிகள் பலவும், உள்ளே நடந்தது எதுவானாலும், சர்வருடன் இணைய முடியவில்லை என்ற ஒற்றை வரியையே காட்டுகின்றன. அந்த வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. செயலியை ஒதுக்கிவிட்டு, டெல்நெட் போன்ற எளிய கருவியைக் கொண்டு, அஞ்சலைப் படிப்பதற்கான 993, அனுப்புவதற்கான 587 அல்லது 465 ஆகிய போர்ட்டுகளை (ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாசல்களை) நேரடியாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே பதில் வந்தால், நமது கோரிக்கை ஏதோ ஒரு கருவியை எட்டியிருக்கிறது, ஆனால் அங்கே அந்த போர்ட்டில் எந்த நிரலும் காத்திருக்கவில்லை, அல்லது ஃபயர்வால் வெளிப்படையாக மறுக்கிறது என்று பொருள். பதிலே இல்லாமல் நெடுநேரம் கழித்து முயற்சி கைவிடப்பட்டால், வழியில் ஃபயர்வால் போன்ற ஏதோ ஒன்று அதைச் சத்தமின்றித் தூக்கி எறிகிறது, அல்லது அந்த முகவரியில் எந்தக் கருவியும் இல்லை. இணைப்பு கிடைத்தும் செயலி முரண்டு பிடித்தால், தகவலைப் பிறர் படிக்க முடியாமல் மறைக்கும் குறியாக்கத்தையோ கடவுச்சொல்லையோதான் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையை முதலில் சர்வர் கணினியிலும், பிறகு வீட்டிலுள்ள வேறொரு கணினியிலும், கடைசியாக வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவிலும் செய்ய வேண்டும். சர்வரில் வெற்றி, பக்கத்துக் கணினியில் தோல்வி என்றால், நிரல் 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காத்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. சர்வரிலேயே 587 மறுக்கப்பட்டால் வியப்படைய வேண்டாம். எந்தெந்தச் சேவை இயங்க வேண்டும் என்று சொல்லும் போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில் அதற்குரிய வரி பொதுவாக முடக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது.

வீட்டுக்குள் இயங்கி வெளியிலிருந்து இயங்காத நிலைதான் பலரை அலைக்கழிப்பது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையைச் சர்வருக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) செய்தபோது சர்வருக்கு இருந்த உள்முகவரி பின்னர் மாறியிருக்கலாம். அதை நிலையான முகவரியாக்கினால் தீர்ந்தது. அதைவிடச் சிக்கலானது, இணையத்தில் எங்கிருந்தும் எட்டக்கூடிய பொது ஐபி முகவரி ரவுட்டருக்கே கிடைக்காமல் போவது. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான வரிசைக்குள் இருந்தால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று அறியலாம். அந்நிலையில் ரவுட்டரில் எத்தனை முறை போர்ட் திறந்தாலும் பயனில்லை. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டுப் பெறுவதோ, வெளியே ஒரு வாடகை சர்வரிலிருந்து வீட்டு சர்வருக்குச் சுரங்கப்பாதை போன்ற தனி இணைப்பு அமைப்பதோதான் வழி. இதற்கு நேர்மாறாக, வெளியே இயங்கும் கைப்பேசி வீட்டு வைஃபைக்குள் வந்ததும் திணறுவதுண்டு. உள்ளிருந்தபடியே தன் வெளிமுகவரிக்கு வரும் கோரிக்கையைத் திருப்பி உள்ளே விட எல்லா ரவுட்டர்களுக்கும் தெரியாது என்பதே அதன் காரணம்.

குறியாக்கத்தில் ஒரு குழப்பம் மட்டும் தனியாகச் சொல்லத் தக்கது. 465-இல் இணைப்பு தொடங்கும்போதே குறியாக்கமும் தொடங்கிவிடும். 587-இல் முதலில் சாதாரணமாகப் பேசி, பிறகு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற கட்டளை மூலம் குறியாக்கத்துக்கு மாறும். செயலியில் 465-க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று தேர்ந்தெடுத்துவிட்டால், சர்வரும் செயலியும் ஒன்றுக்கொன்று மற்றது முதலில் பேசட்டும் என்று காத்திருந்து நேரம் கடந்துவிடும். பார்ப்பதற்கு அது ஃபயர்வால் தடையைப் போலவே இருக்கும். சர்வரின் அடையாளத்தை உறுதிப்படுத்தும் சான்றிதழ் காலாவதியாவது வேறு வகை; லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவச சேவை வழங்கும் 90 நாள் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்ட பிறகும், டவ்காட்டை ரீலோட் செய்யாததால் பழைய சான்றிதழே தொடர்வதுண்டு.

25-ஆம் போர்ட்டை இணைய நிறுவனம் அடைத்திருப்பதே காரணம் என்று கட்டுரை ஊகிப்பதும் பொருந்தாது. அது சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான போக்குவரத்துக்கானது. அது அடைபட்டால் அஞ்சல் போய்ச் சேராது, வந்தும் சேராது. ஆனால் 993-இல் செயலி இணைவதை அது தடுக்காது.

ஃபயர்வாலை முழுவதும் அணைப்பதைவிட, சர்வர் தன் நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் லாக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு செயலியை ஒருமுறை இணையச் செய்வது மேல். அதில் ஒரு வரி பதிவானாலும் கோரிக்கை வந்து சேர்ந்துவிட்டது. ரவுட்டரில் கைவைக்கத் தேவையில்லை. எதுவும் பதிவாகாவிட்டால், சர்வரின் அமைப்புக் கோப்புகளைத் திருத்துவதற்கு முன் வழியைச் சரிபார்க்க வேண்டும். இத்தொடரின் அடுத்த கட்டுரையில் நிறுவும் படிகளைச் சற்றுக் குறைத்தேனும், லாக் கோப்பைப் படிக்கும் முறைக்கு இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்