பௌதிகவியல் கூட்டமொன்று இங்கும் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

அணுவளவு நுண்பொருள்களின் நடத்தையை விளக்கும் குவாண்டம் இயக்கவியல் பிறந்து நூறு ஆண்டு என்பதால் 2025ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச குவாண்டம் ஆண்டாக அறிவித்தது. எங்கள் கிழக்கு மாகாண மாணவர் பலருக்கு அந்தச் செய்தியே எட்டவில்லை. நாட்டின் பௌதிகவியல் சொற்பொழிவுகளும் அமர்வுகளும் பெரும்பாலும் கொழும்பையும் பேராதனையையும் சுற்றியே நடக்கின்றன. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். உயர்தரம் படிக்கும் பிள்ளையை, அதிலும் பெண் பிள்ளையை, ஒரு பகல் கூட்டத்துக்காக இரவுப் பயணம் அனுப்ப எத்தனை பெற்றோரால் முடியும்?

இங்கே இடமில்லை என்று சொல்ல முடியாது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடமும் சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. பேசப் பொருளும் உண்டு. மட்டக்களப்பின் கல்லடியில், வாவி மீன்கள் பாடுவதாகச் சொல்லப்படும் ஒலியைக் கேட்கத் துடுப்பை வாவியில் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். ஒலி நீரில் செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் செல்லும், வளியில் 340. நீருக்குள் எழும் ஒலியில் மிகப் பெரும்பகுதி வளிக்கு வராமல் மேற்பரப்பிலேயே தெறித்துத் திரும்பிவிடும். மரத்துடுப்போ அதை நேரே காதுக்குக் கொண்டுவரும். அந்த ஒலியைப் பதிவுசெய்து மீடிறனை, அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதை, பிரித்துப் பார்ப்பது உயர்தரப் பிள்ளைகளாலேயே முடியும். எவ்வளவு அருமையான செய்முறை!

பௌதிகவியல் கூட்டங்களை ஒழுங்குசெய்வோரே, ஆண்டுக்கு ஒரு அமர்வையாவது, தமிழில், கிழக்கில் நடத்துங்கள். பௌதிகவியல் ஒலிம்பியாட் போட்டிக்கான பயிற்சியும் சேர்ந்தால் நல்லது. அறிவித்தலை ஒரு மாதம் முன்பே தமிழ்ப் பத்திரிகைகளுக்குத் தாருங்கள்.

பௌதிகவியல் ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி