பிடி அரிசிப் பானை

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகமாயிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்.

நேற்று முன்தினம் நீ தொலைபேசியில் பேசியதிலிருந்து எனக்கு மனது நிலைகொள்ளவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் உபவாச காலமாகிய லெந்து தொடங்கிய சாம்பல் புதன் முதல் காலை ஆகாரத்தை விட்டுவிட்டு மத்தியானம்தான் சாப்பிடுகிறாய் என்றும், அப்படியிருந்தும் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் வேதத்தைத் திறந்து வைத்து உட்கார முடியவில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதி நேரம் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளித் தாழ்வாரத்திலேயே நின்றதாகவும், இந்த வருஷம் உனக்கு லெந்தே இல்லாமல் போயிற்று என்றும் சொன்னாய். அதற்குள் பிள்ளை விழித்துக்கொண்டாள், பேச்சு நின்றுபோயிற்று. மறுபடி கூப்பிட்டுச் சொல்லலாம்தான். ஆனால் இந்த விஷயத்தை நான் வாயால் சொன்னால் கண்டிப்பது போலக் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் கடிதம் கையில் கிடைக்கிற அன்றிலிருந்து நீ காலையில் வயிறார இட்லியோ கஞ்சியோ சாப்பிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு படித்தால் போதும்.

நீ கைக்குழந்தையாயிருந்த 1994ஆம் வருஷத்து லெந்தில் நானும் நீ செய்ததையே செய்தேன். கல்யாணமாகி வந்த நாள்முதல் லெந்து வெள்ளிக்கிழமைகளில் மாலை மூன்று மணி வரைக்கும் பச்சைத் தண்ணீர் தவிர வேறொன்றும் வாயில் வைக்காமலிருப்பது எனக்கு வழக்கம். பிள்ளை பெற்றவள் என்பதற்காக ஆண்டவருக்குக் கொடுத்ததைக் குறைப்பதா என்று நினைத்து அந்த வருஷமும் அப்படியே இருந்தேன். இரண்டாவது வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தபோது கண் இருண்டு அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ பாலுக்கு அழுதுகொண்டிருந்தாய். என்னிடம் பால் வற்றியிருந்தது. என் மாமியார், உன் ஆச்சி, ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைத் தூக்கி என் மடியில் கிடத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

நம் வீட்டில் லெந்து நாற்பது நாளும் கறி மீன் ஏறாது என்பது உனக்குத் தெரியும். அந்த நாற்பதில் ஞாயிற்றுக்கிழமைகள் சேராது, அவை உயிர்த்தெழுதலின் நாட்கள் என்று சபைப் போதகரான ஐயர் பிரசங்கத்தில் சொன்னாலும், ஆச்சி ஞாயிற்றுக்கிழமைகூட மீன் சட்டியை அடுப்பில் ஏற்றமாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் அன்றைக்கு, அதுவும் வெள்ளிக்கிழமையில், எனக்கென்று பால் சுறா வாங்கிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, முள் நீக்கி உதிர்த்து, நீரைப் பிழிந்து, சின்ன வெங்காயமும் இரண்டு கை பூண்டும் இஞ்சியும் கருவேப்பிலையும் நல்லெண்ணெயில் வதக்கி, சுறாவைப் போட்டுச் சிறு தீயில் பொலபொலவென்று வரும்வரை கிளறி, சுடுசோற்றில் பிசைந்து என் முன்னால் வைத்தார்கள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அப்போதுதான் ஆச்சி பேசினார்கள்: "யவீருவின் மகளை எழுப்பினபிறகு ஆண்டவர் என்ன சொன்னார்? சொல்லு பார்ப்போம்."

மாற்கு சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தை ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே கேட்டவள்தான் நான். பன்னிரண்டு வயதுப் பெண் மரித்துக் கிடக்கிறாள். அவர் அழுகிறவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தகப்பனையும் தாயையும் தம்மோடிருந்தவர்களையும் உள்ளே அழைத்துக்கொண்டுபோய், அவளுடைய கையைப் பிடித்து எழுப்புகிறார். எனக்கு அதோடு கதை முடிந்திருந்தது. ஆனால் அதிகாரத்தின் கடைசியில், எல்லாரும் பிரமித்து நிற்கிறபோது, அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி அவர் சொல்கிறார். செத்துப் பிழைத்த பிள்ளைக்குப் பசிக்கும் என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தோன்றியிருக்கிறது. அதைக் கேட்டு அடுப்படிக்கு ஓடியவள் அவளுடைய தாயாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆச்சி சொன்னார்கள். சுவிசேஷத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எனக்கு அதில் சந்தேகமில்லை. அந்தத் தாய் ஏற்றிய அடுப்பை ஆராதனையல்ல என்று யார் சொல்ல முடியும்? நான் தட்டை எடுத்துச் சாப்பிட்டேன்.

பின்னாளில் அங்கன்வாடியில் வேலை பார்த்த வருஷங்களில் இதையே வேறு வார்த்தைகளில் ஊர்த் தாய்மாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் ஆறு மாதம் பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர வேறொன்றும், தண்ணீர்கூட, வேண்டியதில்லை. அதற்காகத் தாய் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் சொன்னதை என் மகளுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேனே என்றுதான் நேற்று முன்தினம் இரவு முழுவதும் வருந்தினேன். பேத்திக்கு இப்போது நாலு மாதம். அவள் உடம்பிலுள்ள ஒவ்வொரு துளியும் உன் தட்டிலிருந்து போனதுதான்.

உபவாசம் எதற்கு என்பதை நான் முழுதாகப் புரிந்துகொண்டது அந்தச் சுறாச் சோறு சாப்பிட்டதற்கு ஐந்து வருஷம் கழித்துத்தான். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு காரியத்தை இப்போது சொல்கிறேன்.

நம் அடுப்படி மாடக்குழியில் இருந்த பிடி அரிசிப் பானை உனக்கு நினைவிருக்கும். உலைக்கு அரிசியை அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில் போட வேண்டும். சமைத்து மிஞ்சியதிலிருந்து எடுப்பதல்ல. வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுப்பதுமல்ல. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒரு பங்கை விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள், ஒரு பங்கை ஊரில் இல்லாதவர்களுக்கென்று வைத்திருப்பார்கள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்கள், சீமைப் பணத்தை எதிர்பாராமல் நம்மவர் காணிக்கையாலேயே நம்மவர் ஊழியம் செய்ய வேண்டுமென்று தீர்மானித்து, தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள் என்பதை ஆச்சி பெருமையோடு சொல்வார்கள். பனையேறுகிற வீட்டில் பெண் கையில் காசு நிற்காது, ஆனால் அரிசி அவள் கையால்தான் உலையில் விழும். அதனால் இது முழுக்க முழுக்கப் பெண்களுடைய காணிக்கை என்பார்கள். உன் பிரசவத்தின்போது வார்டில் இருந்த மிசோரம் மாநிலத்து நர்ஸிடம் இதைச் சொன்னேன், உனக்கு நினைவிருக்கிறதா? அவர்கள் ஊரிலும் 1910 முதல் பெண்கள் இதையே செய்துவருகிறார்கள், பூஃபாய் தாம் என்று அதற்குப் பெயர் என்று அந்தப் பெண் சொன்னபோது, பாஷை தெரியாத இடத்தில் சொந்தக்காரியைக் கண்டதுபோல இருந்தது.

1999ஆம் வருஷத்து லெந்தில் அப்பா வேலை பார்த்த ஆலையில் மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. உனக்கு ஐந்து வயது, தம்பிக்கு இரண்டு. ஆச்சி மெஞ்ஞானபுரத்தில் உன் அத்தை வீட்டுக்குப் போயிருந்தார்கள். கடையில் இனிக் கடன் கேட்க முகமில்லாத ஒரு வியாழக்கிழமை இரவு, தம்பி அழுது அழுது ஓய்ந்து தரையில் சுருண்டு கிடந்தான். நான் மாடக்குழியிலிருந்து அந்தப் பானையை எடுத்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஒன்றரை உழக்கு அரிசியை அள்ளி, கஞ்சி காய்ச்சி, காணத் (கொள்ளு) துவையலோடு உங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தேன். நீ இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தாய். நான் குடிக்கவில்லை. ஆண்டவருடையதைத் திருடினேன் என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை ஆச்சி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். தாவீது பசியாயிருந்தபோது ஆசாரியர் மட்டுமே புசிக்கத்தக்க தேவசமுகத்து அப்பத்தை வாங்கிச் சாப்பிட்டதையும், அதையே எடுத்துக்காட்டி ஆண்டவர் தம் சீஷருக்காகப் பேசியதையும் சொல்லி, "பசித்த பிள்ளைக்குக் கொடுத்ததைக் களவு என்று இனி உன் வாயால் சொல்லாதே" என்றார்கள். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. மறுநாள் மிஞ்சியிருந்த இரண்டு பிடியை அப்படியே பானையோடு எடுத்துக்கொண்டு, எனக்கு எவ்வளவு வெட்கமாயிருந்தாலும், என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்க் காணிக்கையாக வைத்தார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐயரம்மாவும் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரும் ஒரு துணிப்பையில் ஆறு படி அரிசி கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் முறத்தில் கொட்டிப் பார்த்தேன். அந்த அரிசியில் புழுங்கலும் இருந்தது, பச்சரிசியும் இருந்தது, ரேஷன் அரிசி, குருணை, எங்கோ ஒரு வசதியான வீட்டுப் பொன்னி எல்லாம் கலந்திருந்தது. ஊரிலுள்ள ஒவ்வொரு அடுப்படியிலும் ஒரு பெண் களைவதற்கு முன்னால் எடுத்த பிடி அது. உலையில் போட்டால் ஒன்று போல வேகாது; பச்சரிசி குழையும், புழுங்கல் பல்லில் தட்டும். இருபது நாள் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். விறைத்த பருக்கை ஒவ்வொன்று பல்லில் தட்டும்போதும், இது யார் வீட்டுக் கையோ, அவர்களை ஆசீர்வதியும் ஆண்டவரே என்று சொல்லிக்கொள்வேன். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ஓயாமல் நான் ஜெபித்ததில்லை.

பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதே உபவாசம் என்று ஏசாயா தீர்க்கதரிசி 58ஆம் அதிகாரத்தில் சொல்கிறபோது அவர் என்ன சொல்கிறார் என்பது அந்த இருபது நாளில்தான் எனக்கு விளங்கிற்று. நாம் சாப்பிடாமல் விட்ட சோறு இன்னொருவருக்குச் சோறாகப் போய்ச் சேர வேண்டும். மகளே, இப்போது நீ சாப்பிடுகிற சோறே இன்னொருத்திக்குப் போய்ச் சேருகிறது. நீ அதைக் குறைத்தால் குறைவது உனக்கல்ல, அவளுக்கு. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அவள் தானாகச் சோறு அள்ளித் தின்கிற காலத்தில் நீ தாராளமாக உபவாசமிரு. நானும் உன்னோடுகூட இருப்பேன்.

தாழ்வாரத்தில் நின்றதைப் பற்றியும் வருந்தாதே. உன்னை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் நான் நம் கோயிலின் வேப்ப மரத்தடியில்தான் ஆராதனை கேட்டேன். பிரசங்கம் காதில் விழாது, பாட்டு மட்டும் கேட்கும். அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

உன் வீட்டில் ஐந்து கிலோ பையாக அரிசி வருகிறது, பானையும் மாடக்குழியும் இல்லை என்று நீ சொல்லலாம். மூடியுள்ள ஒரு சிறிய டப்பா போதும். நாளைக்கு உலைக்கு அளக்கிறபோது ஒரு பிடி எடுத்துப் போடு, போடுகிறபோது பேத்தியின் பேரைச் சொல்லி ஒரு வரி ஜெபம் பண்ணு. பத்து நிமிடம் வேண்டாம். மாதக் கடைசியில் உங்கள் சபையில் வாங்கிக்கொள்ளவில்லையென்றால், உங்கள் குடியிருப்புக்கு எதிரே கட்டட வேலை செய்கிறவர்களின் வீடுகள் இருக்கின்றனவே, அங்கே பால் கொடுக்கிற பெண் யாரென்று விசாரித்து அவள் கையில் கொடு.

சுறா அங்கே கிடைக்கும். மீன்காரரிடம் மோரி என்று கேள். சிறியதாகப் பார்த்து வாங்கு. கிடைக்காத நாளில் முருங்கைக் கீரையும் பாலில் வேகவைத்த பூண்டும் போதும். உளுந்தும் கருப்பட்டியும் இந்த வாரம் அனுப்புகிறேன். களி கிண்டும்போது நல்லெண்ணெய்க்குக் கஞ்சத்தனம் பண்ணாதே. ஈஸ்டருக்கு உங்களுக்கு லீவு கிடைத்தால் வியாழக்கிழமை ராத்திரியே புறப்பட்டு வாருங்கள். விடியற்கால ஆராதனைக்கு நீ உள்ளே போய் உட்கார்ந்துகொள். பிள்ளையை வைத்துக்கொண்டு நான் வேப்ப மரத்தடியில் நிற்கிறேன்.

ஜெபத்துடன்,
அம்மா