கட்டில் கணக்கு கேட்ட மகளுக்கு

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம்.

நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்குப் பேசியே பதில் அனுப்பலாம் என்று பார்த்தேன். குக்கர் விசில் ஒரு பக்கம், நடுவில் புகுந்து திருத்துகிற உன் அப்பா ஒரு பக்கம். சரிப்படவில்லை. அதனால் தாளில் எழுதி, தம்பியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லப் போகிறேன். என் கையெழுத்து புரியாத இடத்தில் அவனையே கேட்டுக்கொள்.

சரவாக்கில் காப்பிட்டில் உங்கள் சபை, பல குடும்பங்கள் ஒரே கூரையில் வாழும் உள்ளே நீள்வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை தங்கிப் படிக்க ஒரு விடுதி தொடங்கப் போகிறது என்று கேட்டுச் சந்தோஷம். மூப்பர்கள் உன்னைக் கேட்கச் சொன்னவை: எத்தனை கட்டில், மாதம் எவ்வளவு செலவு, ஆண் பெண் இரண்டு பேரையும் எடுக்கலாமா, ஞாயிறு ஆராதனையைக் கட்டாயமாக்கலாமா. இங்கே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் விடுதி நடத்தியதை வைத்து எல்லாவற்றுக்கும் சொல்கிறேன், ஆனால் உங்கள் வரிசைப்படி இல்லை.

பிள்ளை ஏன் பள்ளியை விடுகிறது என்று உட்கார்ந்து பேசினார்களா? காசில்லாமல்தான் என்று முடிவு கட்டிவிட்டார்களானால், காசைத் திரட்டி, கட்டிலைப் போட்டு, பிள்ளையை எங்கே காணோம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பள்ளிக் கட்டணம் ஒரு காரணம்தான், பெரிய காரணம் பஸ். எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று எந்தத் தோட்டமானாலும் ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளி நடக்கிற தூரத்தில் இருந்தது. அதன் பிறகு டவுனுக்கு வர வேண்டும். பஹாசாவில், அதாவது மலாயில், புள்ளி குறைந்த பிள்ளைக்கு முதலில் புதுமுக வகுப்பு, அதில் ஒரு வருஷம் போய்விடும். புதுமுக வகுப்பும் கீழ்ப் படிவங்களும் மத்தியானப் பள்ளி. மணி அடிக்கும்போது ஆறரை. பஸ் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கு மரங்களுக்கு நடுவே இருட்டில் நடக்க வேண்டும். பெண் பிள்ளை பெரியவளானதும் அப்பா, "போதும்மா படிச்சது" என்பார். அவரைக் கொடுமைக்காரர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பாதையில் நான் நடந்திருக்கிறேன்.

பையன்கள் கதை வேறு. மத்தியானப் பள்ளிதானே என்று விடியற்காலையில் அம்மாவோடு போய் ரப்பர் பால் வடிகிற மங்கு துடைத்து, பால் எடுத்துக் கொடுத்து, குளித்துச் சாப்பிட்டு ஓடுவான். இரண்டாவது பாடத்தில் தூக்கம் தள்ளும். பின்பு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். மங்கு போய் உதிரிப்பழம் பொறுக்குவது வந்தது, தூக்கம் அப்படியே இருந்தது. அதோடு ஆறு வருஷம் தமிழில் படித்தவனுக்கு முன்னால் கணக்கையும் அறிவியலையும் மலாயில் வேகமாக நடத்துவார்கள். புரியாதவன் பின் வரிசைக்குப் போவான். பின் வரிசையிலிருந்து வாசல் பக்கம்.

எஸ்.ஆர்.பி. பரீட்சை இருந்த காலத்தில் மூன்றாம் படிவத்தில் தோற்றால் மேலே போக வழியே இல்லை. 1993இல் அதற்குப் பதில் பி.எம்.ஆர். வந்த பிறகு அந்தக் கதவு திறந்தது, ஆனாலும் நான்காம் படிவத்தில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டுதான் இருந்தன. பள்ளி பஸ் எட்டிப் பார்க்காத தோட்டத்து வாசலுக்குத் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. பதினாறு வயதுப் பையன் எதில் ஏறுவான்?

இதெல்லாம் பெருமைக்கு எழுதவில்லை. உங்கள் ஆற்றங்கரையில் காரணம் வேறாக இருக்கும். தொடக்கப்பள்ளியிலேயே அரசாங்க அஸ்ராமா விடுதியில் தங்கிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். எனவே தங்குமிடம் என்றால் மிரள மாட்டார்கள். பின்பு ஏன் நிற்கிறார்கள்? பிறப்புப் பத்திரம் இல்லையா, படகுக் காசா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா? நீ நாலு நீள்வீட்டுக்குப் போய்க் கேள். பத்திரம் இல்லாத பிள்ளை வந்தால் முதல் வேலை பதிவிலாகாவுக்கு அலைவது. இங்கே குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்கார வீட்டுப் பிள்ளைகளுக்காக உன் அப்பா எத்தனை நாள் வரிசையில் நின்றார் என்பதை அவரே உனக்குச் சொல்வார், கேட்காமலே.

விடுதியில் பிள்ளைக்கு நாம் கொடுப்பது சோறு என்று நினைக்கிறார்கள். சோறு வீட்டிலும் இருந்தது, கஞ்சியோ கருவாடோ. நாங்கள் கொடுத்தது சாயங்காலம். ஏழரைக்கு மேசையில் உட்கார்ந்தால் ஒன்பதரை வரை யாரும் கடைக்கு அனுப்ப மாட்டார்கள், பக்கத்து வீட்டில் சம்சு சாராயச் சண்டை கேட்காது, பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடுமே என்ற பயம் இல்லை. நீயும் அந்த மேசையில் வளர்ந்தவள்தான். ஐந்தாம் படிவத்து அக்கா புதுமுக வகுப்புத் தங்கச்சிக்குக் கரங்ஙான் என்கிற மலாய்க் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுப்பாள். தினம் ஒரு பக்கம் மலாய் உரக்கப் படித்தாக வேண்டும், தப்பாகப் படித்தால் யாரும் சிரிக்கக் கூடாது. இந்த ஒரு சட்டத்தில்தான் நான் கடுமையாக இருந்தேன். பஹாசாவில் தோற்றால் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சைச் சான்றிதழே கிடையாது. 2013இலிருந்து வரலாறும் அப்படித்தான். மற்ற பாடத்தில் ஏழு ஏ வாங்கினாலும் இந்த இரண்டில் விழுந்தவனுக்குக் கையில் ஒன்றும் இல்லை என்பதை மூப்பர்களிடம் அழுத்திச் சொல். வாரம் ஒருமுறை வேதபாடப் போட்டி வைக்க ஆள் கிடைக்கிறது, பஹாசா சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. எங்களுக்கு ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை ஒருவர் வந்தார். முஸ்லிம். அவர் வரும் மாலையில் ஜெப நேரத்தைத் தள்ளி வைத்தோம். எங்கள் சமையலறையில் பன்றியும் மாடும் ஏறாததால், அவர் தயங்காமல் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவார். உங்கள் ஊரில் பன்றி இல்லாமல் சமைத்தால் பிள்ளைகள் மூட்டை கட்டிவிடுவார்கள், அது உங்கள் பாடு.

ஆராதனை விஷயம். இதில்தான் நான் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன், சபைக்குள்ளேயே. எங்களிடம் இருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் மாரியம்மன் கோயில் வீட்டுப் பிள்ளைகள். மாலை ஜெபம் நடக்கும், எல்லாரும் உட்காருவார்கள், பாடத் தெரிந்தவர்கள் பாடுவார்கள். ஞாயிறு சர்ச்சுக்கு வருவதும் வராததும் அப்பா அம்மா சொல்வதைப் பொறுத்தது. சேர்க்கும் அன்றே தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். நம் நாட்டு அரசியலமைப்பு 12ஆம் பிரிவில் இது தெளிவாக இருக்கிறது: பதினெட்டு வயது ஆகாத பிள்ளையின் மதத்தைப் பெற்றவரோ பாதுகாவலரோதான் முடிவு செய்ய வேண்டும். சட்டம் அப்படிச் சொல்லாவிட்டாலும் நான் இதையேதான் செய்திருப்பேன். சோற்றையும் படுக்கையையும் கையில் வைத்துக்கொண்டு விசுவாசத்தைக் கேட்டால், பசிக்கிற பிள்ளை என்ன பதில் சொல்லும்? அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் நாம் என்ன கணக்குக் காட்டுவது?

ஒரு வருஷம் தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒரு பையன் லீவு கேட்டான். காவடி எடுக்க நேர்த்தி. கமிட்டியில் ஒருவர், "நம் காசில் சாப்பிட்டு அங்கே காவடியா?" என்றார். நேர்த்தி வைத்தது அவன் அம்மா, அவன் அவளுடைய பிள்ளை என்று சொல்லி அனுப்பிவைத்தேன். திங்கட்கிழமை மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டான். அவன் தங்கச்சியை அடுத்த வருஷம் அந்த அம்மாவே கூட்டிவந்து விட்டாள். உங்களுக்கு இந்தப் பிரச்சினை ஜூன் முதல் தேதி காவாய் அறுவடைத் திருநாளில் வரும். ஞானஸ்நானம் எடுத்த வீட்டுப் பிள்ளைகளும் நீள்வீட்டுக்குப் போகத்தான் கேட்பார்கள். அனுப்பிவிடுங்கள், திரும்பிவரப் படகுக் காசும் கொடுத்து அனுப்புங்கள்.

இதற்கு முன்னோடிகள் உங்கள் ஆற்றிலேயே இருந்திருக்கிறார்கள். றெஜாங் கரையில் சிபுவுக்கு 1901லும், எங்கள் பேராக்கில் சித்தியவானுக்கு 1903லும் சீனாவின் பூச்சாவ் பகுதிச் சீனர் வந்து இறங்கியபோது மெதடிஸ்ட் மிஷனரிகள் கோயிலோடு பள்ளிக்கூடத்தையும் கட்டினார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகும் ஊர்க்காரர்கள் அந்தப் பள்ளிக்கூடங்களைப் பெயர் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

செலவுக்கு வருகிறேன். அரிசி, முட்டை, நெத்திலி, கேஸ் விலையெல்லாம் அங்கே படகில் ஏறி வருவதால் என் கணக்கு உனக்கு உதவாது. ஒன்று மட்டும்: முழுக்க இலவசம் என்று அறிவிக்காதீர்கள். எங்கள் பிள்ளைகளின் வீட்டில் முடிந்ததை வாங்கினோம். சிலர் மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்), சிலர் மரவள்ளி, ஒரு அப்பா பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் பிடித்த மீன். கொடுத்தவர்கள் நிமிர்ந்து உள்ளே வந்து, "என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டார்கள். ஒன்றும் கொடுக்காமல் விட்ட ஒன்றிரண்டு பேர் வேலிக்கு வெளியேயே நின்றார்கள். தோட்டத்து ஜனத்தால் முடியாது என்று படித்தவர்கள் சீக்கிரம் முடிவு செய்துவிடுகிறார்கள். 1960இல் நம்ம ஊர்க்காரர் துன் சம்பந்தன் நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில் தோட்டங்களை விலைக்கு வாங்கினாரே, அது பால் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த காசு.

ஞாயிறு சாயங்காலம்தான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் புதுசுகள் படுக்கையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பீசாங் கோரெங், வாழைப்பழப் பொரியல், பொரிப்பேன். கொண்டுவந்து விட்ட அப்பாமாருக்கும் ஒரு தட்டு. அவர்கள் மோட்டாரை ஓரம் கட்டிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். பிள்ளை வீட்டை விட்டு வந்துவிட்டது என்ற எண்ணம் அதில் பாதி குறையும். முதல் வாரமே பேன் சீப்பும் மருந்தும் தயாராக வைத்திரு, யாரையும் தனியாக அழைத்துப் பார்க்காதே, எல்லார் தலையையும் பார்.

கண்டிப்பு வேண்டும், பயம் கூடாது. 2015 ஆகஸ்டில் கிளந்தானில் குவா மூசாங் பக்கம் போஸ் தோஹோயில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளி விடுதியிலிருந்து ஏழு தெமியார் பழங்குடிப் பிள்ளைகள் காட்டுக்குள் போனார்கள். ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்ற பயம். ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து இரண்டு பேர்தான் உயிரோடு கிடைத்தார்கள். இங்கே லாசா பக்கத்திலிருந்து தெமியார் பெண் பிள்ளைகள் எங்களிடமும் இருந்தார்கள். சத்தம் போட்டுத் திட்டினால் பதில் பேச மாட்டார்கள், மறுநாள் காலையில் படுக்கை காலியாக இருக்கும். அவர்களிடம் குரலை இறக்கிப் பேசக் கற்றுக்கொண்டது எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் நல்லதாகப் போயிற்று. ஜன்னலுக்குக் கம்பி போடச் சொல்வார்கள், போடுங்கள், ஆனால் உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி. 2017 செப்டம்பரில் கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்து 23 பேர் போனார்கள், ஜன்னலில் கம்பி, வாசலில் நெருப்பு. தீயணைப்புப் பொம்பாக்காரர்கள் வந்து பார்க்கட்டும். சமூக நல இலாகாவிடம் பராமரிப்பு மையச் சட்டம் 506 பற்றிக் கேட்டு, பதிவு செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். நல்ல காரியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு மூப்பராவது சொல்வார். அவரிடம் சாவியைக் கொடுக்காதே.

ஆண் பெண் இரண்டும் வேண்டாம், ஆரம்பத்தில். பெண் பிள்ளைகளை எடுங்கள். பையன் சிநேகிதன் வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒதுங்கிக்கொள்வான், அவளுக்கு வேறு இடம் கிடையாது.

என்ன ஆனார்கள் என்று மூப்பர்கள் கேட்பார்கள், டாக்டர், வக்கீல் என்று பட்டியல் எதிர்பார்ப்பார்கள். இரண்டொருவர் உண்டு, அவர்களைச் சொல்லித்தான் நன்கொடை வாங்கினோம், மறுக்கவில்லை. எனக்குப் பிடித்தது வேறு ஆள். எஸ்.பி.எம்.மில் சுமாராகத்தான் வந்தாள், ஈப்போவில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்த அவள் அம்மாவுக்குச் சம்பளச் சீட்டைப் படித்துச் சொன்னது அவள்தான். இ.பி.எஃப். சேமநிதிக்குப் பிடித்த கணக்கில் தவறு இருந்ததைக் கண்டுபிடித்து வாங்கியும் கொடுத்தாள்.

இப்போது கட்டில். பத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் எண்ணம், அதையும் கடைசியில் வாங்குங்கள். மூப்பர்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன்: ராத்திரி அங்கே படுக்கப் போவது யார்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கரண்டு போனால், ஒருத்தி வயசுக்கு வந்தால் எழுந்து வருவது யார்? "சுழற்சி முறையில் வைத்துக்கொள்வோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. நீயே அந்த ஆள் என்று தீர்மானித்திருந்தால் அதை முதலில் உன் வீட்டுக்காரரிடம் சொல், அப்புறம் சபைக்கு. ஜூன் விடுமுறையில் நானும் அப்பாவும் வருகிறோம். அதற்குள் ஒரு பெயரோடு பதில் எழுது. சமையலறை அளவையும் அனுப்பு. பெரிய அடுப்பு வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இங்கிருந்து என்னென்ன பாத்திரம் கட்டிக்கொண்டு வருவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா