ஆபத்துப் படத்துக்கு வாக்களிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அண்மையில் இரண்டு நாள் நடைபெற்ற புகைப்படக் கண்காட்சி குறித்துத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியையும், அதனுடன் அச்சாகியிருந்த முதல் பரிசுப் படத்தையும் பார்த்தேன். படம் எடுப்பதைத் தொழிலாகக் கொள்ளாமல் ஆசைக்காக எடுக்கிறவர்களுக்கென்று நடத்தப்பட்ட அந்தக் கண்காட்சிக்கு ‘ஆபத்து’ என்பது தலைப்பு. நடுவர்கள் கிடையாது. வருகிறவர்களுக்கெல்லாம் வாசலில் ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுத்து, பிடித்த படத்தின் எண்ணை எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். திருப்பாதிரிப்புலியூரில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்திவிட்டுக் கடையை மகனிடம் ஒப்படைத்தவன் என்பதால், சீட்டுகளை எண்ணுவதற்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஆகவே எண்ணிக்கையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. எதற்காக அந்தப் படத்துக்கு அத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். தங்கள் செய்தியில் அந்தப் படத்தின் கீழே ‘உயிரைப் பணயம் வைத்து எடுக்கப்பட்டது’ என்று பாராட்டும் தொனியில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்ததைக் கண்ட பிறகு, எழுதாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியது.

செய்தியைத் தவறவிட்ட வாசகர்களுக்காக அந்தப் படத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்டவாளத்தின் நடுவில் பதினேழு பதினெட்டு வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நம்மைப் பார்த்து நிற்கிறான். அவன் தலைக்குப் பின்னால், படத்தை அடைத்துக்கொண்டு, முன்விளக்கு எரிய ஓர் என்ஜினின் முகம். சட்டை நுனி காற்றில் பறக்கிறது. பையன் சிரிக்கிறான்.

இந்தப் படம் இரண்டு வழிகளில்தான் கிடைத்திருக்க முடியும். ஒன்று, படம் எடுத்தவர் வெகுதூரத்தில் நின்று, தொலைவில் உள்ளதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் டெலி லென்ஸைப் போட்டு எடுத்திருக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வரும் ரயில்கூட ஆளின் முதுகுக்கே வந்துவிட்டதாகக் கண்ணை ஏமாற்றும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நானே செய்த காரியம் இது. ஃபிலிம் காலத்தில், பழைய துறைமுகத்துப் பக்கம் நின்று, திரும்பி வரும் படகு ஒன்றை நீண்ட லென்ஸில் பிடித்து, அதன் பின்னால் எழும்பிய அலை படகை விழுங்கப்போவது போல ஒரு படம் எடுத்தேன். பெரிதாகப் போட்டுச் சட்டமிட்டுக் கடை முகப்பில் மாட்டினேன். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள்கூட அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்று ‘அடேயப்பா’ என்பார்கள். ஒரு நாள் படகோட்டி ஒருவர் ஓட்டுநர் உரிமத்துக்குப் படம் எடுக்க வந்தவர், அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சார், அந்த அலைக்கும் இந்தப் போட்டுக்கும் நடுவுல இன்னும் பத்து போட்டு போகும்” என்றார். மறுநாளே அதைக் கழற்றிவிட்டேன் என்று எழுத ஆசைதான். கழற்றவில்லை, மேலும் இரண்டு ஆண்டுகள் அங்கேயேதான் தொங்கியது.

இன்னொரு வழி, உண்மையிலேயே ரயில் அருகில் இருந்திருக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு வினாடியில் ஏறத்தாழ 28 மீட்டரைக் கடந்துவிடுகிறது. ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் திறந்து மூடும் கேமராவுக்கு அந்த ரயில் மூன்று சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை. தண்டவாளத்தின் அதிர்வும் ஹாரன் சத்தமும் படத்தில் விழுவதில்லை என்பதால், குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் நின்று பார்க்கிற நமக்கு ரயில் சாதுவாக நின்றுகொண்டிருக்கிறது. அந்தப் பையனுக்கு அது நிற்கவில்லை. அவன் அங்கே நின்றது ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம் என்பதுகூட எனக்குப் பெரிதல்ல. ஒரு கண்காட்சியில் பரிசு வாங்குவதற்காக ஒருவர் நிற்கச் சொல்லி மற்றொருவர் நின்றார் என்பதும், அதற்கு நாம் வரிசையில் நின்று வாக்களித்தோம் என்பதும்தான் பெரிது.

ஆக, தூரத்திலிருந்து எடுத்திருந்தால் படத்தில் உள்ள ஆபத்து பொய். பக்கத்திலிருந்து எடுத்திருந்தால் அந்த ஆபத்து நம் வாக்குக்காகவே உண்டாக்கப்பட்டது. இரண்டில் எது என்பதை அறிய விரும்பியவர் அந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று சீட்டுகளைப் பிரித்துப் பார்த்த எனக்கு ஓரளவு தெரியும். எண்ணை மட்டும் எழுதினால் போதும் என்று சொல்லியிருந்தும் பலர் பக்கத்திலேயே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்கள். ‘செம’ என்று இருந்தது. ‘நெஞ்சு அடிச்சிக்கிச்சு’ என்று இருந்தது. பள்ளிப் பிள்ளையின் கையெழுத்தில் ‘அண்ணன் தைரியத்துக்கு என் ஓட்டு’ என்று ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளை எழுதியதில் கபடமே இல்லை. மற்றவர்கள் எழுதாமல் விட்டதை அது எழுதிவிட்டது. பையன் நின்ற தைரியத்துக்குத்தான் வாக்குகள் விழுந்தன; படம் எப்படி இருக்கிறது என்பதற்கு விழுந்தவை குறைவு. எய்ம்ஸ் மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, 2011 அக்டோபரிலிருந்து 2017 நவம்பர் வரை செல்ஃபி எடுக்கும்போது உலகெங்கும் இறந்தவர்கள் 259 பேர் என்று செய்திகளிலிருந்து தொகுத்துக் காட்டியது. அந்தப் பட்டியலில் முதலிடம் நம் நாட்டுக்கு. காரணங்களில் முதலிடம் நீரில் மூழ்குவதற்கு. இந்த நாட்டில், அதிலும் கடற்கரை ஊரில், ‘அண்ணன் தைரியத்துக்கு’ வாக்கு விழுகிறது என்றால் அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கு எத்தனை அண்ணன்கள் தயாராவார்கள் என்று நினைக்கவே எனக்குக் கை நடுங்குகிறது.

மற்றப் படங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இரண்டாம் பரிசு பாம்புப் படத்துக்கு. அருமையான வெளிச்சம், செதில் செதிலாகத் தெரியும் அளவுக்குக் கூர்மை. ஆனால் அது சாரைப்பாம்பு. நஞ்சில்லாத, வயலில் எலி பிடித்து விவசாயிக்கு உதவுகிற சாரை ‘ஆபத்து’ என்ற தலைப்பில் பரிசு வாங்கியதை யாரும் பொருட்படுத்தவில்லை. துறைமுகத்துப் புயல் எச்சரிக்கைக் கூண்டைக் கருமேகத்தின் முன்னால் எடுத்த படம் ஒன்றும் இருந்தது. 1 முதல் 11 வரை எண்ணுள்ள அந்தக் கூண்டுகளில் எது ஏறினால் வலையையும் படகையும் மேட்டுக்கு இழுக்க வேண்டும் என்பது இந்த ஊர்க்காரருக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்கள் அந்தப் படத்தின் முன் சற்று நின்றார்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் கம்பத்தில் தொங்கும் ஏதோ டப்பா என்று கடந்துபோனார்கள். எடுத்தவரைக் குறை சொல்ல முடியாது.

நான் எழுத வந்தது வேறொரு படத்தைப் பற்றி. சுவிட்ச்போர்டுக்குப் பக்கத்தில், மூலையில் மாட்டியிருந்தார்கள். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையை உயரமான ஓரிடத்திலிருந்து எடுத்தது. காலை வெயில். இடமும் வலமும் அலைகள் வெள்ளையாக உடைகின்றன. நடுவில், ஒரு சந்து அகலத்துக்கு, அலையே இல்லை. தண்ணீர் அங்கே மட்டும் சற்றுக் கருத்து, மணல் கலங்கி, அமைதியாகக் கிடக்கிறது. அலை இல்லாத இடம் என்பதாலேயே ஒரு குடும்பம் அங்கே இறங்கியிருக்கிறது. தகப்பனார் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு சிறுபிள்ளைகள் அவருக்கு முன்னால் கடலைப் பார்த்து நிற்கின்றன. பளிச்சென்ற அழகான குடும்பப் படம். பெரும்பாலோர் அதைச் சுவரில் தவறி மாட்டியது போலப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

பேத்தியுடன் வந்திருந்த தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு யாரையும் குறிப்பிட்டுக் கேட்காமல், “இந்தப் புள்ளைங்கள யாரும் கூப்புடலியா?” என்றார். எனக்குப் புரியவில்லை. அவர்தான் விரல் வைத்துக் காட்டினார். கரைக்கு அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீரெல்லாம் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் தேடும். அந்த இடத்தில் தரை பள்ளமாக இருப்பதால் அலை உடையாது. அலை உடையாததால் அமைதி போலத் தெரியும். ஆனால் அங்கே தண்ணீர் ஆளைக் கடலுக்குள் இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, களைத்துவிடுவோம். பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும் என்றும் சொன்னார். கடலூரிலேயே பிறந்து வளர்ந்த நான் இதை அறுபத்தெட்டு வயதில், ஒரு புகைப்படத்தின் முன்னால் நின்று தெரிந்துகொண்டேன்.

படத்தை எடுத்த கல்லூரி மாணவி அங்கேதான் இருந்தார். “போலீஸ்காரர் விசிலடிச்சு ஏத்திட்டாரு தாத்தா. நான் எடுக்கும்போது எனக்கே தெரியாது. விசில் கேட்டப்புறம்தான் என்ன எடுத்திருக்கேன்னு பெருசு பண்ணிப் பார்த்தேன்” என்றார். பெரியவர் அதன் பிறகே அடுத்த படத்துக்கு நகர்ந்தார். அந்தப் படத்துக்கு விழுந்த சீட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் ஒன்றில் எண்ணை எழுதி அடித்துவிட்டு, ‘இதில் ஆபத்து எங்கே?’ என்று எழுதியிருந்தது. செல்லாத சீட்டு என்று தனியாக வைத்தோம்.

இந்த ஊருக்கு இதில் பழைய படிப்பினை உண்டு. சுனாமிக்கு இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா நம் கடலூரில் எடுத்த படம்தான் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. அதில் அலை இல்லை, இடிந்த வீடு இல்லை. மணலில் குப்புற விழுந்து, உள்ளங்கைகள் மேலே தெரிய, அழுகிற பெண். ஓரத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும். கடல் என்ன செய்தது என்பதை, கடலைக் காட்டாமலே அது சொல்லிவிட்டது. சுனாமியன்று இந்தக் கரையோரத்தில் பல இடங்களில் கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் உண்டு என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கும் அது ஆபத்தாகத் தெரியவில்லை.

நடுவர்களை அமர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2009ஆம் ஆண்டின் முதல் பரிசு, இரவில் வேலிப்படலைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அது காட்டு ஓநாய் அல்ல, பழக்கப்பட்ட ஓநாய் என்று நடுவர்கள் பிறகு முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அத்தனை அனுபவசாலிகளையும் ஒரு படம் ஏமாற்றியது என்றால், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே வந்து சீட்டு எழுதிப் போடுகிறவரைக் குற்றம் சொல்லக் கூடாது. பார்வையாளர் தீர்ப்பு என்கிற ஏற்பாடு எனக்குப் பிடித்தே இருக்கிறது. தீர்ப்புச் சொல்கிறவர் கையில் வழக்கின் விவரத்தைக் கொடுக்காமல் சீட்டை மட்டும் கொடுப்பதுதான் பிடிக்கவில்லை.

படத்தின் கீழே எண்ணோடு இரண்டு வரி இருக்கட்டும்: எங்கே, எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது, யாரையாவது நிறுத்தி எடுத்ததா, தானாக நடந்ததா. படத்துக்கென்றே ஓர் உயிரை ஆபத்தில் நிறுத்தியது தெரிந்தால் அதைச் சுவரில் ஏற்றவே வேண்டாம். அந்தப் பெரியவரைப் போன்றவர்களை, மின்வாரிய லைன்மேனை, ரயில்வே கேட்கீப்பரை ஒரு மணி நேரம் வந்து பார்வையாளர்களோடு நிற்கச் சொன்னால், வாக்குகள் எப்படி மாறுகின்றன என்பதைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆசை. சீட்டில் ‘ஏன்’ என்று ஒரு கோடு விட்டாலும் போதும். ஏற்பாட்டாளர்களிடம் இவற்றை நேரில் சொல்லிவிட்டேன். அடுத்த முறை யோசிப்பதாகச் சொன்னார்கள்.

தங்களிடம் கேட்பது இரண்டு. ரயில் படத்தை எடுத்தவரிடம், எந்த லென்ஸில், எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தார் என்று தங்கள் நிருபர் கேட்டு, அந்த விடையையும் அதே மாவட்டப் பக்கத்தில் வெளியிட வேண்டும். அடுத்து, அந்தக் கடற்கரைப் படத்தையும் வெளியிட வேண்டும். பையனின் படத்துக்குக் கொடுத்த அதே அளவில், அலை உடையாத இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு. காணும் பொங்கலுக்கு வெள்ளிக் கடற்கரையில் கூடுகிற கூட்டம் தாங்கள் அறிந்ததே. அதற்கு முன்னால் வெளிவந்தால் நல்லது. படம் அந்த மாணவியிடம் இருக்கிறது. கேட்டால் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்–2.