யன்னலைத் திறந்து வை, பிள்ளை

வண்ணார்பண்ணை,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. கிணற்றடி மாதுளை இந்த முறை நன்றாகக் காய்த்தது, பெரியம்மா வீட்டுக்கும் கொடுத்தோம். வேறு புதினம் இல்லை.

நீ கதைத்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. வேலை கூடவாக இருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் நிற்பா. அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படம்பிடித்து உனக்கு அனுப்பும்படி மச்சானிடம் கொடுப்பேன். அவன் வாசித்தாலும் வாய் திறக்க மாட்டான்.

கடைசியாக அனுப்பிய உன் ஓவியத்தை மூன்று நாள் பார்த்தேன். பாரிஸ் வீட்டுக் கூரைகளில் இருந்து கழற்றி எறிந்த பழைய துத்தநாகத் தகடு என்றாய். அதன்மேல் இரும்புத் துரு, தேயிலைச் சாயம், செம்புக் கம்பியை வினாகிரியில் ஊறவைத்து எடுத்த பச்சை. கண்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, அது எங்கள் பட்டறைத் தரையின் பச்சை. 1995 ஒக்டோபரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோமே, அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது கூரை இல்லை, போத்தல் உடைந்து சீமெந்தில் அந்தப் பச்சை ஊறிக் கிடந்தது. அம்மா எத்தனை தரம் தேய்த்தா. இன்றைக்கும் போகவில்லை.

அந்தப் போத்தலை நீ மறந்திருக்க மாட்டாய். பழைய நகையை மூன்று பங்கு வெள்ளியோடு உருக்கி, மெல்லிசாகத் தட்டி, திராவகத்தில் போட்டுக் காய்ச்சுவேன். வெள்ளியும் செம்பும் கரைந்து போகும். அடியில் பழுப்புச் சேறு போல ஒன்று நிற்கும், அதைப் பார்த்து யாரும் தங்கம் என்று சொல்லமாட்டார்கள். கழுவி மூசையில் உருக்கினால்தான் மஞ்சள் வரும். வெள்ளியை மீட்கச் செம்புத் தகட்டை அந்தத் தண்ணீரில் விட்டால் வெள்ளி சாம்பலாக விழும், மிச்சத் தண்ணீர் நீலமாகிவிடும். எங்கள் தொழிலில் அதுதான் உண்மையிலேயே வீணான ஒன்று. மற்றபடி அரப்பொடி, கூட்டின மண், கை கழுவின தண்ணீர்கூட வைத்திருந்து அரித்தெடுப்போம். அந்த வீணைத்தான் நீ கேட்டாய். ஐந்து வயதில் கிணற்றடிச் சுண்ணாம்புச் சுவரில் அதைப் பூசி, அது நிறம் மாறுவதைக் குந்தியிருந்து பார்த்தாய். நான் பூவரசம் தடியால் அடித்தேன்.

கணக்கு வேலையை விட்டுவிட்டு ஓவியம் என்று நீ சொன்னபோதும் எனக்குக் கோபம்தான். பவுன் தொட்ட கையின் பிள்ளை கூரைத் தகரம் பொறுக்குகிறாளே என்று உன் சித்தப்பா கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். போன மாதம் கன்னாதிட்டியில் நாலு பேருக்கு முன்னால் உன் பெர்லின் கதையைச் சொன்னேன். 1700களின் தொடக்கத்தில் ஒரு சாயக்காரன் சிவப்புச் செய்ய வெளிக்கிட்டு, ஒரு ரசவாதியிடம் அழுக்குப்பட்ட மிச்சக் காரத்தை வாங்கிச் சேர்க்க, சிவப்புக்குப் பதிலாக ஆழ்ந்த நீலம் வந்ததே, அந்தக் கதை. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். என் மகள் செய்வதும் அந்த வேலைதான் என்றேன்.

ஆனால் பிள்ளை, ரசவாதம் என்றால் நல்ல சொல்லாகத் தெரிகிறது, அதில் பாதி நஞ்சு. சாதிலிங்கச் சிவப்பு பாதரசமும் கந்தகமும். அரிதார மஞ்சள் பாஷாணம். நீ அவற்றைத் தொடுவதில்லை என்றாய், சரி. செம்புப் பச்சையைக் காயவிட்டு அரைக்காதே, ஈரத்தோடு அரை. அமோனியா வாளியை மூடின அறையில் வைக்காதே. பிளீச் என்கிற வெளுக்கும் தண்ணீரையும் வினாகிரியையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றாதே, அந்தப் புகை ஆளைக் கொல்லும். துத்தநாகத்தைச் சுடாதே. நெருப்புப் படும்போது அது வெள்ளைப் புகை விடும், அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். போனபடியால் ஒன்றுமில்லை என்று நினைத்து மறுபடி சுடுவார்கள். கடைசியாகக் கதைத்தபோது, இரவு குளிர்ந்து நடுங்கியது, காலையில் சரியாகிவிட்டது என்றாய். இடையில் இருமினாய். நான் எண்ணினேன், பதினொரு தரம். பெரியப்பா கடைசியில் எப்படி இருமினார் என்று உனக்குத் தெரியும்.

நீ வேலை செய்யும் அந்த நிலவறைக்கு வீதி மட்டத்தில் ஒரு சின்ன யன்னல் இருக்கிறதாம், சின்னம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னா. குளிர் என்றாலும் அதைத் திறந்து வை. வேலை செய்யும்போது திற, முடிந்த பிறகும் ஒரு மணித்தியாலம் திறந்து விடு.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

பொருளாதாரத் தடைக் காலம். இரவில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது. யன்னலுக்குச் சாக்கு அடித்து, ஜாம் போத்தல் விளக்கு வைத்து, தடைக்கு முன்னர் வாங்கி வைத்த திராவகத்தில் வேலை செய்தேன். திராவகம் கொதிக்கும்போது செங்கபில நிறத்தில் புகை எழும்பும். நீ என்னை விட்டு நித்திரை கொள்ள மாட்டாய், என் காலடியில் சாக்கு விரித்துக் கிடப்பாய். உன்னை அறைக்குக் கொண்டுபோய்க் கிடத்தியிருக்கலாம். நீ பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயம் குறைவாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன். அந்த மாரியில்தான் உனக்கு மூச்சு முட்டு வந்தது. வீட்டில் புகை ஏதும் உண்டா என்று டொக்டர் கேட்டார். விறகடுப்புப் புகை என்று சொன்னேன். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. அடுத்த நாளே அடுப்பை வேலியோரம் கொண்டுபோய் வைத்தா. மழைக்குள் ஓலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சமைத்தா. உனக்கு முட்டு வந்த ஒவ்வொரு முறையும் தன் அடுப்பைத்தான் திட்டினா. முப்பது வருஷத்துக்கு மேலாக நான் பேசாமல் இருக்கிறேன்.

அங்கே டொக்டரிடம் போ. இந்த மாதமே போ. சின்ன வயதில் திராவகப் புகை பட்டது என்று சொல், அடுப்பு என்று சொல்லாதே. இப்போது என்னென்ன பாவிக்கிறாய் என்றும் ஒன்று விடாமல் சொல். படம் வரைவதை விடச் சொல்லவில்லை. எட்டு மூசை, பழைய குறடு, ஊதுகுழல் எல்லாம் துடைத்து வைத்திருக்கிறேன், மாமா தையில் வரும்போது கொண்டு வருவார். மூசையின் உட்புறத்தில் பிடித்திருக்கும் கண்ணாடி மாதிரியான பச்சையைச் சுரண்டாதே, அப்படியே வை. உனக்குப் பிடிக்கும்.

அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்வதாக இருந்தேன், விரதம் என்றபடியால் விட்டுவிட்டேன். நாளைக்கு அம்மா தலை முழுகிச் சாப்பிட்ட பிறகு சொல்வேன். அதற்குப் பிறகு நீ எடுத்தால் அம்மாவின் குரல் வேறு மாதிரி இருக்கும், பயப்படாதே.

கதைக்க நேரமில்லை என்றால் பரவாயில்லை. அந்த யன்னலைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா