மலையை வகுப்பறையாக்கும் வேலை

ஆசிரியருக்கு,

மலையேற்றம், படகோட்டம், முகாம் என வெளிப்புறக் கல்வியையே வேலையாக்கிக்கொள்ள இளைஞர்கள் பலர் விரும்புகிறார்கள். நல்ல விஷயம். 1941-இல் வேல்ஸில் குர்ட் ஹான் என்ற கல்வியாளர் முன்னின்று தொடங்கிய அவுட்வர்டு பவுண்ட் என்ற வெளிப்புறக் கல்வி அமைப்பு, கடலையும் மலையையும் வகுப்பறையாகவே பார்த்தது. பயந்து நிற்கும் பிள்ளையிடம் பொறுமையாகப் பேசுவதும், வானிலை மாறினால் உச்சிக்கு அருகிலிருந்தும் குழுவைத் திருப்பி அழைத்து வருவதும்தான் இதில் அசல் வேலை. மருத்துவமனை எட்டாத இடங்களுக்கான முதலுதவிப் பயிற்சிக்குச் சுமார் 70 மணி நேரமாவது பிடிக்கும். அதை முதலில் முடியுங்கள். அப்புறம் அனுபவமுள்ள வழிகாட்டியிடம் உதவியாளராகச் சேருங்கள். பருவம் முடிந்தால் வருமானமும் நிற்கும் என்பதை முகாம் நடத்துவோர் மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளிகள் இந்த வழிகாட்டிகளை ஆண்டு முழுவதும் சம்பளத்தில் வைத்துக்கொள்ள முன்வர வேண்டும்.

- ஒரு வாசகர்