கன்னிமாராவில் படிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

விடுதி அறையில் காற்றே இல்லை, அதனால் காலையிலேயே கன்னிமாரா நூலகத்துக்குக் கிளம்பிவிடுகிறேன் என்று நீ சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது, பையில் கைடுகளை எடுத்துப்போய் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்து, சாயங்காலம் வரை அவற்றையே படித்துவிட்டுத் திரும்புகிறாய் என்று. குரூப் 2 தேர்வு நம் வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த இடத்திலிருந்து நாற்காலியும் மின்விசிறியும் மட்டும் உனக்குக் கிடைத்தால் எனக்கு மனசு ஆறாது.

உன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கொஞ்சம் கேள். 1954இல் வந்த ஒரு சட்டப்படி, இந்தியாவில் புத்தகம் போடும் ஒவ்வொரு பதிப்பாளரும் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பியாக வேண்டும். கொல்கத்தா, மும்பை, தில்லி ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. நான்காவது நீ உட்கார்ந்திருக்கும் கன்னிமாரா. கடைகளில் எப்போதோ தீர்ந்துபோன, மறுபதிப்பே காணாத ஒரு தமிழ்ப் புத்தகம் அங்கே அகப்பட வாய்ப்பு உண்டு. அதே வளாகத்தில்தான் மறைமலையடிகள் நூலகமும் இருக்கிறது. அடிகள் தேடித் தேடிச் சேர்த்த நூல்களை வைத்து 1958இல் லிங்கிச் செட்டித் தெருவில் தொடங்கியது, பிறகு இங்கே வந்து சேர்ந்தது. தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள் வெளியூரிலிருந்து ரயிலேறி வந்து தேடும் இடம் அது. உனக்கோ மாடிப்படி ஏறினால் போதும்.

கன்னிமாரா நூலகம் பிறந்ததே பக்கத்து அரசு அருங்காட்சியகத்துக்குள்தான். இந்தியாவுக்கு வரும் ஆங்கிலேய அதிகாரிகளைப் பயிற்றுவித்த இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிய புத்தகங்கள் 1861இல் சென்னைக்கு வந்து, அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன நூலகமாயின. அதற்கென்று ஹென்றி இர்வின் வடிவமைத்த கட்டடம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடியும் தேக்கு அலமாரிகளும் கொண்ட அந்தப் பழைய மண்டபத்தைப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்று நூலகரிடம் ஒருமுறை கேட்டுப் பார். சென்னையில் எனக்கு மிகவும் பிடித்த அறை அதுதான்.

மதியம் சாப்பிட்டதும் தூக்கம் வருகிறது என்றாயே, அந்த நேரத்தில் அருங்காட்சியகத்துக்குப் போ. உன் பாடத்திட்டத்தில் தமிழ்நாட்டு வரலாறும் பண்பாடும் தனி அலகாகவே இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்தார் என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்கிறாய். அவர் சேகரித்த கற்கருவிகள் வந்து சேர்ந்தது அந்த அருங்காட்சியகத்துக்குத்தான். சோழர் செப்புத் திருமேனிகள் என்று கைடில் ஒரு தலைப்பு இருக்கும். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் எதிரே பத்து நிமிடம் நின்று பார். ஆண் பக்கத்துத் தோளும் பெண் பக்கத்து இடுப்பும் ஒரே உடலில் எப்படி இசைந்து நிற்கின்றன என்று கண்ணால் பார்த்தவனுக்கு அந்தத் தலைப்பு எந்த வருடத்திலும் மறக்காது. திருவாலங்காட்டு நடராசரும் அங்கேதான். ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்களையும் விட்டுவிடாதே. ஒரு பகுதி லண்டனுக்குப் போய்விட்டது, பெரும் தொகுதி ஒன்று நம்மிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதே, அன்று விடுமுறை.

தினமும் இறங்குகிறாயே அந்த எழும்பூர் ரயில் நிலையம், 1908இல் திறந்தது, அதுவும் இர்வின் கைவண்ணம்தான். அதற்கு எதிரே காந்தி இர்வின் சாலையில் சிவப்பாக ஒரு கட்டடம் இருக்கும்: தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அரசாணை என்று நீ படிக்கிறாயே, பழைய மதராஸ் மாகாணத்தின் அரசாணைகள் கட்டுக்கட்டாக அங்கே இருக்கின்றன. நாளைக்கு நீ அரசு வேலையில் சேர்ந்து எழுதப்போகும் கோப்புகளின் தாத்தா பாட்டி எல்லாம் அவைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் அப்பா கட்டும் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார், நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் போன்றவர்கள் விடாமல் பாடுபட்டு 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தால் வந்தது அது. வரி ஒரு ரூபாய் என்றால் அதோடு பத்து பைசா. நீ நாளிதழ் படித்து வளர்ந்த நம் ஊர்க் கிளை நூலகம் அந்தக் காசில் நடப்பது. நூலகத்தில் யாரிடமும் தயங்கித் தயங்கிக் கேட்காதே தம்பி, உரிமையோடு கேள்.

கைடை மூடச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் எழுந்து போய், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு புத்தகத்தை எடு. அடுத்த முறை பேசும்போது மாதிரித் தேர்வு மதிப்பெண்ணோடு அதன் பெயரையும் சொல்.

அன்புடன்,
அண்ணன்